ஐந்து மணிக் காபி

அம்மாவின் மாத்திரை டப்பா காபி ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டு அடுப்படிக்குள் வருவாள். பால் பொங்கும் நேரத்தில் கை தானாக டப்பாவுக்குப் போகும். தைராய்டு மாத்திரையை வாயில் போட்டு முதல் மடக்குக் காபியிலேயே விழுங்கிவிடுவாள்.

"தண்ணியில போட்டுக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், காபி தண்ணி இல்லாம வேற என்னவாம்? இப்படிப் போட்டாத்தான் தம்பி மறக்காம இருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு புதுப் பழக்கத்தை ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போடு என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை கிராமத்தில் இருக்கும் என் அம்மா அதைப் படிக்காமலே செய்துகொண்டிருந்தாள். நானும் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த ஒரு மடக்கில் இருந்த தப்பைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது.

*

முதலில் ஐம்பது மைக்ரோகிராம் கொடுத்தார்கள். பிறகு எழுபத்தைந்து. பிறகு நூறு. ஒவ்வொரு முறையும் டி.எஸ்.எச். அளவு கொஞ்சம் இறங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறும். முடி கொட்டியது. கால் வீங்கியது. நாற்றங்காலுக்குப் போய்வந்தால் திண்ணையில் சுருண்டு படுத்துக்கொள்வாள். ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவில்லை என்று இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. அதையும் அம்மா தன் வழக்கப்படி காபி நேரத்திலேயே சேர்த்துக்கொண்டாள். ஒரே டம்ளர், இரண்டு மாத்திரை.

"மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்பார். "ஒரு நாள் விட்டதில்ல சார்" என்பாள் அம்மா. இரண்டு பேரும் சரியாகத்தான் பேசிக்கொண்டார்கள். எதோடு போடுகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் அந்த அறைக்குள் வரவேயில்லை. டாக்டரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அம்மா மாத்திரை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்தான். என் வேலையே மென்பொருளில் எது எதற்கு முன்னால் நடக்கிறது என்று துருவிப் பார்ப்பது.

ஒரு பொங்கல் விடுமுறையில், தூக்கம் வராத இரவில், அம்மாவின் ரிசல்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் தேடிப்பார்த்தேன். 2008ல் இத்தாலிய மருத்துவர்கள் 'தைராய்டு' என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரை கிடைத்தது. மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் டி.எஸ்.எச். இறங்காத சில நோயாளிகள். விசாரித்தால் எல்லோரும் மாத்திரையை விழுங்கிய கையோடு எஸ்பிரஸோ குடிப்பவர்கள். காபி குடலில் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடுகிறது. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு காபியைத் தள்ளிவைத்ததும் அளவு இறங்கியிருக்கிறது. லெவோதைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே வேறு எதுவும் சாப்பிட வேண்டும் என்பது மருந்துச் சீட்டிலேயே இருக்கிற விஷயம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு இன்னும் மோசம். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

நாங்கள் மூன்றையும் ஒரே டம்ளரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தோம்.

*

காலையில் கண்டுபிடிப்பாளனின் மிதப்போடு அம்மாவிடம் சொன்னேன். மாத்திரை ஐந்து மணிக்கு, காபி ஆறு மணிக்கு. அவ்வளவுதான், ஒரே ஒரு மணி நேரம்.

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்த ஒரு டம்ளருக்காகத்தான்டா நான் எந்திரிக்கிறதே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு கணக்கைச் சொல்வதுபோல் சொன்னாள். ஆறு மணிக்கு அப்பா எழுவார். பிறகு மாடு, பிறகு ஆள் வருவார்கள், பிறகு சோறு. ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும்தான் அந்த வீட்டில் யாரும் அவளை எதற்கும் கூப்பிடாத நேரம். எங்கள் வீட்டில் சாம்பாரின் காரம் அப்பாவுக்காக, ரசத்தின் புளி அப்பாயிக்காக, தோசையின் முறுகல் எனக்காக. அந்த முதல் டம்ளரின் கசப்பு மட்டும்தான் அம்மாவுக்காக.

இது எந்த ஆய்விதழிலும் வராது. வராததாலேயே நான் அதை அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

*

அப்பாயி கடைசிவரை காபி குடித்ததில்லை. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் அந்த நீராகாரத்தை உப்பும் மோரும் சேர்த்துக் குடிப்பாள். "கருப்புத் தண்ணி வந்துதான் குடி கெட்டுச்சு" என்பது அவளுடைய நிரந்தரத் தீர்ப்பு. அப்பாயி மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். கல்லூரி முடித்த பிறகு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலை வாசித்தபோதுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பத்திரிகைகளும் பெரியவர்களும் இதே புலம்பலைப் புலம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நீராகாரம் போய் காபி வந்தது அன்று பெரிய பண்பாட்டுச் சிக்கல். இன்று கும்பகோணம் என்றால் டிகிரி காபி என்று நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலை போர்டு வைத்திருக்கிறோம்.

டிகிரி என்ற பெயருக்கு ஆளுக்கொரு கதை. பாலின் சுத்தத்தை லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கியதால் என்பார்கள். முதல் டிகாஷன் என்பதால் என்பார்கள். சிக்கரிதான் வாயில் திரிந்து டிகிரி ஆனது என்பார்கள். மூன்றாவது கதை எனக்குப் பிடிக்கும். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயரில் கலப்படம் என்று நாம் திட்டும் பொருளே ஒளிந்திருக்கிறதே.

உண்மையில் சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடி செய்தால் காபி நிறமும் கசப்பும் வரும். நெப்போலியன் காலத்தில் கடல் வழி அடைபட்டு காபிக் கொட்டை கிடைக்காமல் போனபோது பிரான்சில் பெரிதாகப் பரவிய பழக்கம். அதில் கஃபீன் கிடையாது. அதனால் எண்பதுக்கு இருபது கலந்த பொடியில் அதே எடைக்குக் கஃபீன் கொஞ்சம் குறைவு, டிகாஷன் கெட்டி அதிகம். நம் சட்டப்படி சிக்கரி நாற்பத்தொன்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும். நூற்று நாற்பது ரூபாய்க்கும் நானூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவர்கள் அந்தச் சின்ன எழுத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

டெல்டாவில் ஒரு காபிச் செடி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். நெல், உளுந்து, வாழை, கரும்பு, தென்னை. கொட்டை வருவது குடகிலிருந்தும் சிக்மகளூரிலிருந்தும் சேர்வராயன், பழனி மலைகளிலிருந்தும்தான். ஆனால் குடகில்தான் தலைக்காவேரி. காபித் தோட்டங்களுக்கு நடுவில் புறப்படுகிற தண்ணீர்தான் மேட்டூரில் தேங்கி, ஜூன் 12 அன்று திறந்தால் எங்கள் வாய்க்காலுக்குக் குறுவைக்கு வருகிறது. பெங்களூரில் என் ஃபிளாட்டின் குழாயிலும் அதே காவிரிதான். நானும் அம்மாவும் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேலே தள்ளியிருந்து ஒரே ஆற்றுத் தண்ணீரில்தான் டிகாஷன் இறக்குகிறோம்.

*

அந்தப் பெங்களூரில், என் அலுவலகப் பேன்ட்ரியில், காபியில் என்ன சேர்க்கலாம் என்பது தினசரி விவாதம். ஒருத்தர் வெண்ணெய் போடுகிறார். ஒருத்தர் நெய். ஒருத்தி பட்டைத்தூள். இன்னொருவர் மஞ்சளும் மிளகும். காளான் பொடி வந்திருக்கிறது, கொலாஜன் வந்திருக்கிறது. இதையெல்லாம் ஃபோனில் அம்மாவிடம் சொன்னபோது, "காபி பிடிக்கலன்னா விட்டுட வேண்டியதுதான, ஏன் அதப் போட்டு இந்தப் பாடு படுத்துறாங்க?" என்றாள்.

பட்டைத்தூளால் கெடுதல் இல்லை, சர்க்கரை போடாமல் குடிக்க அது உதவினால் நல்லதுதான். வெண்ணெய் போட்ட காபி, காபி குடித்த திருப்தியோடு கூடிய ஒரு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் ஒரு கணக்கு, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் வேறு கணக்கு. எங்கள் ஊரில் காபியில் சுக்கும் மல்லியும் போடும் பழக்கம் ரொம்பப் பழையது. ஆனால் அதில் பெரும்பாலும் காபிப் பொடியே இருக்காது. சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, கருப்பட்டி. பெயரில் மட்டும் காபி. சளி பிடித்தால் அப்பாயிகூட அதைக் குடிப்பாள்.

இந்த விவாதங்களில் யாரும் பேசாத பொருள் சர்க்கரை. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு நான்கு டம்ளர். ஒரு டீஸ்பூனுக்கு நான்கு கிராம் என்றாலும் முப்பத்திரண்டு கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை ஏறக்குறைய இருபத்தைந்து கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. அதாவது சாப்பாடு, பலகாரம், பாயசம் எதையும் எண்ணாமல் காபியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் பத்து கோடிக்கும் மேலானவர்களுக்குச் சர்க்கரை நோய். காபி நீரிழிவு வாய்ப்பைக் குறைப்பதோடு தொடர்புடையது என்று மேல்நாட்டு ஆய்வுகளைக் காட்டிப் பேசுகிறவர்கள், அந்த ஊர்க்காரர்களின் கோப்பையும் நம் டம்ளரும் ஒன்றல்ல என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று மாறிவிட்டோம் என்பார்கள். ருசிக்காக என்றால் சரி. உடம்புக்காக என்றால் ஏமாற்று. அவையும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். அதில் இருக்கும் தாது உப்புக்காக ஸ்பூன் ஸ்பூனாகப் போடுவது, இலையில் ஊறுகாய் கிடைக்கும் என்று கல்யாணத்துக்குப் போவது மாதிரி. மாற்று இனிப்பு மாத்திரையை எடைக் குறைப்புக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மிச்சம் இருக்கும் ஒரே வழி குறைப்பது. பதினைந்து நாளுக்கு அரை ஸ்பூன். எனக்கு அப்படித்தான் போனது. இரண்டு மாதத்தில் சர்க்கரை இல்லாத காபியில் பாலின் இனிப்பு தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

கஃபீன் விஷயத்திலும் நேரம்தான் முக்கியம். உள்ளே போனதில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அப்பா மாலை ஆறரைக்குக் கடைத்தெருவில் ஸ்ட்ராங்காக ஒன்று குடித்துவிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு "கொசு தூங்க விடமாட்டேங்குது" என்று புரள்வார். கொசுவும் இருந்தது, மறுப்பதற்கில்லை.

*

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, நடவு நாட்களில் கொல்லைப் பக்கம் காபி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மாட்டுக்கொட்டகைக் கீற்றில் இரண்டு அலுமினிய டம்ளர்கள் செருகியிருக்கும். வேலைக்கு வந்த கிழவி அதில் ஒன்றை உருவி, கழுவி, கீழே வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள். நான் மேலிருந்து ஊற்ற வேண்டும். குடித்து முடித்துக் கழுவி மறுபடியும் செருகிவிட்டுப் போவாள். அம்மாவும் அந்தக் கிழவியும் ஒரே வயலில் ஒரே வரிசையில் குனிந்து நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டுப் பித்தளை டம்ளர் மட்டும் அவள் கைக்குப் போனதில்லை. ஏன் என்று கேட்டதற்கு அப்பாயி என் தொடையில் கிள்ளினாள்.

அந்த அலுமினிய டம்ளர்கள் எப்போது காணாமல் போயின என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் ஒரு நாள் குறித்து, தப்பு என்று சொல்லி, எடுத்து எறியவில்லை. பேப்பர் கப் வந்தது, அவ்வளவுதான். யாரும் எதையும் மாற்றாமலே எல்லாம் மாறிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப்பில் சூடாக ஊற்றி கால் மணி நேரம் வைத்தால் ஆயிரக்கணக்கில் நுண்துகள்கள் கலக்கின்றன என்று ஐ.ஐ.டி. கரக்பூர் 2020ல் கண்டுபிடித்துச் சொன்னது. தமிழ்நாட்டில் 2019லேயே தடை செய்தாயிற்று. இன்னும் வரப்பில் கிடக்கிறது.

ஆரோக்கியமான காபி என்று தேடினால் வரும் பட்டியல்களில் இந்தக் கிழவி இல்லை. ஆனால் காபியும் டீயும் உண்மையாகவே யார் உடம்பில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டிலும் இருக்கும் பாலிஃபீனால்கள், சாப்பாட்டில் உள்ள தாவர இரும்புச்சத்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். 1983ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், உணவோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம். இன்னொன்றையும் அதில் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபியால் பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, சேர்த்துக் குடித்த அளவுக்கே பாதித்தது. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டியில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்றே சொல்கிறது.

தட்டில் கறியும் மீனும் கீரையும் பழமும் இருப்பவருக்கு இந்த இழப்பு பெரிதில்லை. தீட்டிய அரிசிச் சோறும் ஒரு துண்டு ஊறுகாயும்தான் மதியச் சாப்பாடு, அதற்குப் பின்னால் பசியை அடக்க ஒரு இனிப்பு டீ என்றால்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கெல்லாம் டீதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதே முதல் காரணம். ஆனால் நெல் விளைகிற பூமியில் குனிந்து நட்ட பெண்களுக்கு ரத்தம் இல்லை என்பதும், அவர்களுக்கு நாம் கூலியோடு சேர்த்து ஊற்றிக் கொடுத்தது இதைத்தான் என்பதும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது. இதே ஒன்பது ஹீமோகுளோபினோடு அம்மா டாக்டரிடம் போனாள். அந்தக் கிழவி எந்த டாக்டரிடமும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

*

அம்மாவோடு ஆறு மாதம் சண்டை போட்டேன். ஃபோனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன். அலாரம் அடிக்கும், அணைத்துவிட்டுக் காபி குடிப்பாள். சில நாள் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். "பித்துப் பிடிச்ச மாதிரி இருக்குடா" என்றாள். அப்பா அதற்குள் எழுந்துவிட்டார், காபி அவரோடு சேர்ந்துபோய் அவளுடையதாக இல்லாமல் ஆனது. மறுவாரம் பழையபடி.

அடுத்த முறை டாக்டரிடம் கூடப் போனேன். எக்செல் தாள், இத்தாலியக் கட்டுரை எல்லாம் கையில். நான் ஐந்து நிமிடம் பேசினேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு விட்ட இடைவெளியில் அம்மா கேட்டாள்:

"ஏன் சார், மாத்திரைய ராத்திரி படுக்கும்போது போட்டுக்கிட்டா என்ன?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

போட்டுக்கொள்ளலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவார்கள். பிறகு தேடிப் பார்த்தால், 2010லேயே நெதர்லாந்தில் செய்த ஆய்வொன்றில் இரவு எடுப்பது காலையில் எடுப்பதைவிட நன்றாகவே வேலை செய்திருக்கிறது. எல்லோருக்கும் பொருந்துமா என்பதை அவரவர் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அம்மாவுக்குப் பொருந்தியது.

இரண்டு வருடமாக ஒரு கதவை முட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரில், நகர வேண்டியது காபிதான் என்று நான் முடிவு செய்துவைத்திருந்தேன். மாத்திரைதான் புதிதாக வந்தது, அது நகரட்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அவளுடைய நாளை வெளியிலிருந்து திருத்தப் பார்த்தேன். அவள் உள்ளேயிருந்து பார்த்தாள்.

இரும்பு மாத்திரை பதினோரு மணிக்குப் போனது, எலுமிச்சைச் சாறோடு. காலைப் பலகாரம் ஏழு மணிக்கு மேல், அதன் பிறகு பத்து மணிவரை காபி கிடையாது. நான்கு டம்ளர் இரண்டானது. மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். பல வருடங்களுக்குப் பிறகு நான்குக்குக் கீழே வந்தது. ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் ஏறியது, தீபாவளிக்குப் பதினொன்று. சர்க்கரையில் மட்டும் ஒன்றரை ஸ்பூனுக்குக் கீழே இறங்க மறுக்கிறாள். "எல்லாத்தையும் உன் இஷ்டத்துக்கு விட்டாச்சு, இது எனக்கு" என்கிறாள். எதையும் என் இஷ்டத்துக்கு விடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. போகலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தேன். அது அவள் நேரம். பிறகு அவளே எட்டிப் பார்த்து, "முழிச்சுக்கிட்டுதான இருக்க, வா" என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்தோம். இன்னும் விடியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம். டவராவில் ஆற்றி என்னிடம் நீட்டினாள், அரை டம்ளர்தான் இருந்தது. பேசாமல் குடித்தோம்.

மாத்திரை டப்பா இப்போது கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் இருக்கிறது. ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.